பகைவனைக் கேட்டுப் பாருங்கள்



ஒரு சமுதாயத்தைத் தாங்கி நிற்பது கல்வியா, செல்வமா, வீரமா? இதுதான் தலைப்பு. எனக்கு முன்னாலே செல்வத்துக்காகப் பேசிய அம்மையார் ஒரு கேள்வி கேட்டார்கள். “காசு இல்லாமல் இந்த மேடைக்கு வந்திருப்பீங்களா? பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்கணும் இல்லையா?”ன்னாங்க. வாஸ்தவம்தான் தாயி. ஆனா பஸ் எந்த ஊருக்குப் போகுதுன்னு போர்டைப் படிக்கணுமே! (சிரிப்பு) படிக்காம ஏறியிருந்தா இந்நேரம் நீங்க வேற ஏதாவது ஊர்ப் பட்டிமன்றத்தில் பேசிக்கிட்டிருப்பீங்க. (சிரிப்பு) வீரத்துக்குப் பேசிய தம்பி மேசையை ஓங்கி ஓங்கித் தட்டினார். அந்த மேசை மட்டும் கல்விக் கட்சியிலே இல்லாமல் இருந்திருந்தால் திருப்பித் தட்டியிருக்கும்! (கைதட்டல்)

நடுவர் ஐயா, சிரிச்சாச்சு. இனிமேல் நான் சொல்லப் போவது சிரிக்கிற விஷயம் இல்லை. பண்டிகை நாளும் அதுவுமா இதைப் பேசலாமான்னு நானே யோசிச்சேன். ஆனால் இந்தத் தலைப்புக்கு இதைவிடப் பெரிய சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. பொறுத்துக்கொண்டு கேளுங்கள்.

நம் வீட்டிலே எது விலை மதிப்புள்ளது என்று நமக்கே சில சமயம் தெரியாது. பரணிலே கிடக்கிற பழைய பித்தளைச் செம்பை நாம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டோம். வீட்டுக்குள் நுழைந்த திருடன் அதை முதலில் தூக்கினால், அப்புறம்தான் ‘அடடா, அது அவ்வளவு பெறுமா’ என்று உட்கார்ந்து அழுவோம். அதனாலே நான் சொல்கிறேன், ஒரு சமுதாயத்துக்கு எது உயிர்நாடி என்று நண்பனைக் கேட்காதீர்கள். பகைவனைக் கேளுங்கள். அவன் எதன்மேல் முதலில் கை வைக்கிறான் என்று பாருங்கள். அதுதான் விடை.

அப்படி ஒரு பகைவன், ஒரு நாடு. நாடு போலந்து. பகைவன் ஹிட்லர்.

1939, செப்டம்பர் 1. ஜெர்மானியப் படை போலந்துக்குள் நுழைகிறது. அதே மாதம் 17-ஆம் தேதி கிழக்குப் பக்கமிருந்து சோவியத் படை நுழைகிறது. நாடு இரண்டாகப் பிளந்துபோனது. ஜெர்மனி பிடித்த பகுதியில் கிராக்கோ என்று ஒரு நகரம். அங்கே 1364-ஆம் ஆண்டு தொடங்கிய ஒரு பல்கலைக்கழகம், யாகியலோனியப் பல்கலைக்கழகம் என்று பெயர். பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று சொன்னாரே கோப்பர்நிகஸ், அவர் படித்த இடம் அது. நம்ம ஊரிலே ஒரு பழைய கோயிலுக்கு என்ன மரியாதையோ, அந்த ஊரிலே அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அந்த மரியாதை.

ஊரைப் பிடித்து இரண்டு மாதம் ஆயிற்று. நவம்பர் 6-ஆம் தேதி நண்பகலுக்குப் பேராசிரியர்கள் எல்லோரும் ஓர் அரங்கிலே கூட வேண்டும் என்று அழைப்பு வந்தது. எதற்கு? ஜெர்மானிய அதிகாரி ஒருவர் சொற்பொழிவு ஆற்றப் போகிறார். அவர் பெயர் புரூனோ முல்லர். தலைப்பு என்ன தெரியுமா? அறிவியலையும் பல்கலைக்கழகங்களையும் ஜெர்மனி எப்படிப் பார்க்கிறது என்பது.

இந்த வாத்தியார்கள் இருக்கிறோமே, சொற்பொழிவு என்று கூப்பிட்டால் போய்விடுவோம்! முன்வரிசையிலே இடம் பிடித்துத் தலையாட்டிக்கொண்டு கேட்போம். அந்தப் பேராசிரியர்களும் போனார்கள். எழுபது வயதைத் தாண்டியவர்கள், ஓய்வு பெற்றவர்கள் எல்லாம் கோட்டு மாட்டிக்கொண்டு போனார்கள். மேடை ஏறிய முல்லர் சொற்பொழிவு ஒன்றும் ஆற்றவில்லை. எங்கள் அனுமதி இல்லாமல் பாடம் நடத்தத் தொடங்கியது குற்றம், இந்தப் பல்கலைக்கழகம் எப்போதுமே ஜெர்மனிக்கு எதிரி, அதனால் நீங்கள் அத்தனை பேரும் கைது என்றான். அவ்வளவுதான். வாசலிலே ஆயுதம் தாங்கிய போலீஸ் நிற்கிறது. அடித்துத் தள்ளி லாரியிலே ஏற்றினார்கள். மொத்தம் 183 பேர். கட்டிடத்திலே வேறு வேலையாக இருந்தவர்கள்கூட அதிலே அகப்பட்டார்கள்.

எங்கே கொண்டு போனார்கள்? முதலில் உள்ளூர்ச் சிறை. அப்புறம் ரயில். கடைசியில் பெர்லினுக்குப் பக்கத்திலே சாக்சன்ஹவுசன் வதைமுகாம். வதைமுகாம் என்றால் ஜெயில் இல்லை. ஜெயிலுக்குப் போகிறவனுக்கு ஒரு வழக்கு உண்டு, ஒரு தீர்ப்பு உண்டு, ‘இன்ன தேதிக்கு விடுதலை’ என்று ஒரு கணக்கு உண்டு. முகாமில் அது ஒன்றும் கிடையாது. எதற்கு வந்தோம் என்றும் தெரியாது, எப்போது போவோம் என்றும் தெரியாது. பெயரை எடுத்துவிட்டு நம்பர் கொடுப்பார்கள். ‘ஆள் எண்ணுகிறோம்’ என்று உறைபனியிலே மணிக்கணக்காக நிற்க வைப்பார்கள்.

அந்த வரிசையிலே நின்றவர்களில் ஒருவர் இக்னாசி ஹ்ஷனோவ்ஸ்கி. அந்தப் பெயரைச் சொல்ல நான் ஒரு வாரம் பழகினேன். ஆனால் அந்த மனிதரைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. ஏன் தெரியுமா? அவர் போலிஷ் இலக்கிய வரலாற்றுப் பேராசிரியர். என் சாதி! வாத்தியார் சாதி! தாய்மொழி இலக்கியத்தைப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தவர். 73 வயது. அவர் துப்பாக்கி எடுக்கவில்லை, வெடிகுண்டு வைக்கவில்லை. அவர் செய்த குற்றம், தன் மொழியிலே யார் என்ன எழுதினார்கள் என்று தன் நாட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. 1940 ஜனவரி 19-ஆம் தேதி அந்த முகாமிலேயே செத்துப் போனார். சட்ட வரலாறு நடத்திய எஸ்ட்ரைஷர் அதற்கு முந்தின மாதமே போய்விட்டார். விலங்கியல் பேராசிரியர் ஷெட்லெட்ஸ்கி, புவியியல் பேராசிரியர் ஸ்மொலென்ஸ்கி இருவரும் அதே ஜனவரியில் போனார்கள்.

உலகம் முழுக்க அறிஞர்கள் கண்டனம் தெரிவித்தார்கள். 1940 பிப்ரவரி 8-ஆம் தேதி, நாற்பது வயதைக் கடந்த 101 பேரை விட்டார்கள். வீட்டுக்கு வந்த சில நாளிலேயே செத்தவர்களும் உண்டு. வயதில் இளையவர்களை அப்போதும் விடவில்லை. அவர்களில் பலரை இன்னொரு முகாமுக்கு மாற்றினார்கள்.

இப்ப நடுவர் ஐயா கேட்கலாம், “ஏதோ ஓர் அதிகாரி செய்த அட்டூழியம், அதை வைத்து ஒரு கொள்கையே பேசலாமா?” என்று. ஐயா, அது அதிகாரியின் கோபம் இல்லை, அரசாங்கத்தின் திட்டம். அதற்கு எழுத்திலேயே சாட்சி இருக்கிறது. ஹிட்லருக்கு வலது கை மாதிரி இருந்த ஹிம்லர், முகாம்களுக்கெல்லாம் தலைவன், 1940 மே மாதம் ஒரு குறிப்பு எழுதினான். கிழக்கே பிடித்த நாடுகளில் ஜெர்மானியர் அல்லாத பிள்ளைகளுக்கு எவ்வளவு படிப்பு வேண்டும் என்று அதிலே கணக்குப் போட்டிருக்கிறான். நாலு வகுப்பு போதுமாம். அந்த நாலு வகுப்பிலே என்ன சொல்லிக் கொடுக்கணும்? எண்ணத் தெரிய வேண்டும், ஆனால் 500 வரைக்கும் தெரிந்தால் போதும். தன் பெயரை எழுதத் தெரிந்தால் போதும். ஜெர்மானியனுக்குக் கீழ்ப்படிவதுதான் கடவுள் இட்ட கட்டளை என்று கற்றுக்கொண்டால் போதும். படிக்கத் தெரிய வேண்டுமா? தேவையில்லை என்று எழுதினான்!

தாய்மார்களே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எண்ணச் சொல்லிக் கொடுக்கிறான், ஏன்? அப்போதுதான் மூட்டை எண்ண முடியும். பெயர் எழுதச் சொல்லிக் கொடுக்கிறான், ஏன்? கூலிப் பட்டியலில் கையெழுத்து வேண்டும். ஆனால் படிக்க மட்டும் கூடாது. ஏன்? படித்தவன் கேட்பான்! ‘ஏன் நான் மூட்டை தூக்குகிறேன், ஏன் நீ உட்கார்ந்திருக்கிறாய்’ என்று கேட்பான். கோடி கோடியாகப் பணம், ஆயிரக்கணக்கில் பீரங்கி வைத்திருந்தவன் எதற்குப் பயந்தான் என்றால், ஒரு போலந்துக் குழந்தை எழுத்துக் கூட்டிப் படித்துவிடுமோ என்று பயந்தான். (கைதட்டல்)

திட்டம் அந்தக் குறிப்போடு நிற்கவில்லை. 1940 ஜூன் 14-ஆம் தேதி டார்னோவ் என்ற ஊரிலிருந்து ஒரு ரயில் புறப்பட்டது. அதிலே 728 போலந்து ஆண்கள். பள்ளி மாணவர்கள், கல்லூரி மாணவர்கள், எல்லை தாண்டித் தங்கள் படையில் சேரப் போய்ப் பிடிபட்ட இளைஞர்கள் அதிலே நிறையப் பேர். அவர்களுக்கு 31 முதல் 758 வரை நம்பர் போட்டார்கள். அவர்கள் போய் இறங்கிய இடத்தின் பெயர் ஆஷ்விட்ஸ். ஆமாம், உலகமே கேட்டு நடுங்குகிற அதே ஆஷ்விட்ஸ். முதல் 30 நம்பர்கள் ஜெர்மானியக் கிரிமினல்களுக்குப் போயிருந்தன. அவர்களைக் கண்காணிகளாக வைத்தார்கள். அடுத்த நம்பரிலிருந்து தொடங்குவது போலந்துப் பிள்ளைகள். பள்ளிக்கூடம் போகிற பையனுக்குக் காவல் கிரிமினல்! எந்த ராஜ்யத்திலாவது கேட்டதுண்டா ஐயா?

அவர்கள் சட்டையிலே ஒரு சிவப்பு முக்கோணம் தைத்திருக்கும். நடுவிலே ‘பி’ என்று ஓர் எழுத்து. போலந்துக்காரன் என்று அடையாளம். ஆஷ்விட்ஸுக்கு மட்டும் போலந்துக்காரர்கள் ஏறத்தாழ 1,40,000 முதல் 1,50,000 பேர் வரை கொண்டு போகப்பட்டார்கள். அதில் பாதிப் பேர் திரும்பவில்லை. ஜெர்மனியிலே டக்காவ் என்று இன்னொரு முகாம். அங்கே போலந்துப் பாதிரியார்களும் துறவிகளுமாக 1,780 பேர் அடைபட்டார்கள். 868 பேர் செத்தார்கள். பாதிரியாரை ஏன் பிடித்தான்? கிராமத்திலே நாலு எழுத்துத் தெரிந்தவர், நாலு பேர் கூடினால் பேசத் தெரிந்தவர் அவர்தானே!

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போனால் அது பாவம். அதே ஆஷ்விட்ஸிலே மொத்தம் சுமார் 11 லட்சம் பேர் செத்தார்கள். அதிலே ஏறத்தாழ 10 லட்சம் பேர் யூதர்கள். அவர்களிடம் படித்தவன், படிக்காதவன் என்று பார்க்கவில்லை. கைக்குழந்தையோடு வந்த தாயை ரயிலை விட்டு இறக்கி நேரே விஷவாயு அறைக்கு அனுப்பினார்கள். அந்தக் கொடுமைக்கு இணை கிடையாது. அதை வைத்து நான் வாதம் பண்ண மாட்டேன், தலை குனிந்து நிற்பேன். நான் வாதத்துக்கு எடுத்துக்கொள்வது போலந்து நாட்டாரை அடிமையாக வைத்திருக்க அவன் போட்ட திட்டத்தை மட்டும்தான்.

இப்ப செல்வத்துக்குப் பேசிய அம்மையாருக்கு வருகிறேன். “அவன் பணத்தை எடுக்கலையா, நிலத்தைப் பிடுங்கலையா?”ன்னு கேட்பீங்க. எடுத்தான் தாயி. தொழிற்சாலை, நிலம், ஓவியம், தங்கம் எல்லாம் எடுத்தான். ஆனால் ஒரு வித்தியாசம் பாருங்கள். செல்வத்தை எடுத்துத் தன் பெட்டியிலே வைத்துக்கொள்ளலாம். ஹ்ஷனோவ்ஸ்கி மண்டைக்குள்ளே இருந்த இலக்கியத்தை எந்தப் பெட்டியிலே வைப்பான்? எடுக்க முடியாது, அதனாலே அழிக்கப் பார்த்தான். தன் வீட்டுக்குக் கொண்டுபோன பொருளுக்கா அவன் பயந்தான்? கொண்டுபோக முடியாத பொருளுக்குத்தானே பயந்தான்! (கைதட்டல்)

வீரத்துக்குப் பேசிய தம்பிக்கு என்ன பதில்? தம்பி, உங்களுக்கு ஒரு பெரிய வீரனை நானே எடுத்துத் தருகிறேன். பெயர் விட்டோல்ட் பிலெட்ஸ்கி. போலந்துப் படை அதிகாரி. ஆஷ்விட்ஸிலிருந்து எல்லோரும் தப்பிக்கப் பார்க்கிற காலத்திலே, அதற்குள்ளே போகப் பார்த்தவர் இவர். 1940 செப்டம்பர் 19-ஆம் தேதி வார்சாவில் ஜெர்மானியர்கள் தெருவை வளைத்து ஆள் பிடித்தபோது, வேண்டுமென்றே போய் மாட்டிக்கொண்டார். நம்பர் 4859. இரண்டரை ஆண்டுக்கு மேலே உள்ளே இருந்து ரகசியமாக ஓர் அமைப்பைக் கட்டினார். 1943 ஏப்ரலில் தப்பி வந்தார். இதைவிட வீரம் உண்டா? கிடையாது. நான் எழுந்து நின்று கும்பிடுகிறேன்.

ஆனா தம்பி, அவர் உள்ளே போனது எதுக்கு? பத்துப் பேரைக் குத்தவா போனார்? உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்து வெளியே சொல்ல! கண்டதை எல்லாம் மனதிலே குறித்து, வெளியே போகிற ஆள் மூலம் செய்தி அனுப்பி, தப்பி வந்த பிறகு உட்கார்ந்து அறிக்கை எழுதினார். வீரம் அவரை உள்ளே கொண்டு போனது. அவர் கையில் இருந்த எழுத்துதான் அந்த முகாமை வெளியே கொண்டு வந்தது. அப்படிப்பட்டவரைப் போர் முடிந்த பிறகு, 1948-ல், அவருடைய சொந்த நாட்டுக் கம்யூனிஸ்ட் அரசாங்கமே சுட்டுக் கொன்றது. உடம்பு போயிற்று. எழுதிய அறிக்கை இருக்கிறது. இன்றைக்கும் படிக்கிறார்கள்.

நடுவர் ஐயா, பேராசிரியர், படை அதிகாரி என்று பெரியவர்கள் கதையாகவே சொல்லிவிட்டேன். இப்ப நம்ம வீட்டுப் பெண் பிள்ளை வயதில் இருந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

ராவன்ஸ்புரூக் என்று பெண்களுக்கான ஒரு முகாம். 1941-ல் லூப்ளின் நகரத்திலிருந்து போலந்துப் பெண்களை அங்கே கொண்டு போனார்கள். அதிலே பள்ளி மாணவிகளும் கல்லூரி மாணவிகளும் இருந்தார்கள். 1942-ல் தொடங்கி 74 போலந்துப் பெண்களின் மேல் டாக்டர்கள் சோதனை நடத்தினார்கள். நோயில்லாத காலை அறுத்து, உள்ளே கிருமியை வைத்து, மரத்தூளும் கண்ணாடித் துண்டும் வைத்து, மருந்து வேலை செய்கிறதா என்று பார்த்தார்கள். 5 பேர் அதிலேயே செத்தார்கள். 6 பேரைப் புண் ஆறுவதற்கு முன்னாலேயே சுட்டுக் கொன்றார்கள். அந்தப் பெண்கள் தங்களுக்குத் தாங்களே வைத்துக்கொண்ட பெயர் ‘முயல்கள்’. சோதனைச்சாலை முயல்கள்.

இது வெளியே தெரிய வேண்டாமா? எப்படித் தெரியப்படுத்துவது? முகாமிலிருந்து மாதம் ஒரு கடிதம் எழுதலாம். அதுவும் ஜெர்மன் மொழியில்தான் எழுதணும். ‘நலம், நலமறிய அவா’ என்பதற்கு மேலே ஒரு வரி எழுதினால் தணிக்கைக்காரன் அடித்துவிடுவான். கிறிஸ்டினா சிஷ் என்ற மாணவி ஒரு வழி கண்டுபிடித்தாள். சிறுநீரைத் தொட்டுக் கடிதத்தின் வெற்றிடத்திலே எழுதினால் எழுத்துத் தெரியாது. இஸ்திரிப் பெட்டியைச் சூடு பண்ணித் தேய்த்தால் தெரியும். சரி, ஆனால் அப்படித் தேய்க்க வேண்டும் என்று வீட்டுக்கு யார் சொல்வது? சொல்ல வேண்டியதும் அதே கடிதத்திலேதான், தணிக்கைக்காரன் கண் முன்னாலேதான்!

அந்தப் பெண் என்ன செய்தாள் தெரியுமா? அவளும் அவள் தம்பியும் வீட்டிலே ஒரு கதைப் புத்தகம் படித்திருந்தார்கள். மக்குஷின்ஸ்கி என்ற எழுத்தாளர் பிள்ளைகளுக்காக எழுதிய துப்பறியும் கதை. அந்தக் கதையிலே வருகிற பையன், கடிதத்தின் வரிகளுடைய முதலெழுத்துக்களைச் சேர்த்துப் படித்தால் ரகசியச் செய்தி வருகிற மாதிரி எழுதியிருப்பான். இவள் தன் கடிதத்திலே அந்தப் புத்தகத்தை ஞாபகப்படுத்தி, சாதாரணமாக ஒரு வரி எழுதினாள். தணிக்கைக்காரன் படித்தான். ‘ஏதோ கதைப் புத்தகம்’ என்று விட்டுவிட்டான். வீட்டிலே படித்தார்கள். புரிந்துவிட்டது! முதலெழுத்துக்களைச் சேர்த்தார்கள். சிறுநீரில் எழுதிய கடிதம் என்று வந்தது. இஸ்திரிப் பெட்டியை எடுத்தார்கள். (நீண்ட கைதட்டல்)

அதற்கப்புறம் 1943 முழுக்கக் கடிதம் கடிதமாக வந்தது. அறுக்கப்பட்டவர் யார், கொல்லப்பட்டவர் யார் என்று பெயர்ப் பட்டியலே வந்தது. தலைமறைவு இயக்கத்தின் மூலம் அந்தச் செய்தி லண்டன் வரைக்கும் போயிற்று. 1945 பிப்ரவரியில் மிச்சமிருந்த முயல்களைத் தீர்த்துக்கட்டப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அந்த முகாமே சேர்ந்து அவர்களை ஒளித்து வைத்தது. செத்தவர்களின் நம்பரை இவர்களுக்குக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். போர் முடிந்து நியூரம்பெர்க் நீதிமன்றத்திலே டாக்டர்கள் வழக்கு நடந்தபோது, அந்த முயல்களிலே நான்கு பேர் போய் நின்று, தழும்பு விழுந்த காலைக் காட்டிச் சாட்சி சொன்னார்கள். சோதனைக்குத் தலைமை தாங்கிய கெப்ஹார்ட் 1948-ல் தூக்கிலே தொங்கினான்.

இப்ப எதிரணியிலே ஒரு நண்பர் துண்டுச் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நல்ல கேள்வி. எனக்கே ராத்திரியெல்லாம் தூக்கம் கெடுத்த கேள்வி. “புரோபசர், அந்தக் கெப்ஹார்ட்டும் படித்தவன்தானே?”

ஆமாம் ஐயா. படித்தவன்தான். பெர்லினிலே பேராசிரியர். கிராக்கோவிலே கைது செய்தானே முல்லர், அவனும் சட்டத்திலே டாக்டர் பட்டம் வாங்கியவன். நானும் டாக்டர் பட்டம் வாங்கியவன். அந்தப் பட்டத்தைப் பெயருக்கு முன்னாலே போட்டுக்கொள்கிற எனக்கு இந்தக் கேள்வி வலிக்கிறது. இதற்கு மழுப்பிப் பதில் சொன்னால் நான் வாத்தியார் இல்லை.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஹிட்லர் போலந்துக்குப் போய்த்தான் கல்வியைக் கொன்றான் என்று நினைக்காதீர்கள். முதலில் தன் வீட்டிலே கொன்றான். 1933-ல் பதவிக்கு வந்தான். அந்த ஆண்டே யூதப் பேராசிரியர்களையும் தனக்கு ஒத்துவராதவர்களையும் பல்கலைக்கழகங்களிலிருந்து விரட்டினான். அதே ஆண்டு மே 10-ஆம் தேதி ஜெர்மானிய மாணவர்களே நடுவீதியிலே புத்தகங்களைப் போட்டுக் கொளுத்தினார்கள். கேள்வி கேட்கிறவன் போய்விட்டான், கேள்வி கேட்க வைக்கிற புத்தகமும் போய்விட்டது. மிச்சம் என்ன இருந்தது? கத்தியைப் பிடிக்கத் தெரிந்த கை. யாரை அறுக்கிறோம் என்று கேட்காத மனசு. அது கல்வி இல்லை ஐயா, தொழில் பழக்கம். வள்ளுவர் படி என்று சொன்னதோடு விட்டாரா? படித்ததற்குத் தக்கபடி நட என்றும் சொன்னாரே! அந்த இரண்டாம் பாதியை வெட்டி எறிந்த படிப்பு, 500 வரை எண்ணச் சொல்லிக் கொடுக்கிற அதே படிப்புதான். இவனுக்குக் கொஞ்சம் அதிகமாக எண்ணத் தெரியும், அவ்வளவுதான்.

அதே முகாம் உலகத்திலே இன்னொரு டாக்டரையும் காட்டுகிறேன். மாக்சிமிலியன் கோல்பே. பாதிரியார். ரோமிலே தத்துவத்தில் ஒரு டாக்டர் பட்டம், இறையியலில் ஒரு டாக்டர் பட்டம். பத்திரிகை நடத்தியவர். ஜப்பானில் நாகசாகியிலே பணி செய்தவர். 1932-ல் நம்ம பக்கத்து மலபாருக்குக்கூட வந்துபோனவர். ஆஷ்விட்ஸிலே அவர் நம்பர் 16670. 1941 ஜூலை கடைசியிலே ஒரு கைதியைக் காணவில்லை. தண்டனையாகப் பத்துப் பேரைப் பட்டினி போட்டுக் கொல்லப் பொறுக்கினார்கள். அதிலே கயோவ்னிச்செக் என்பவர், ‘ஐயோ என் மனைவி, என் பிள்ளைகள்’ என்று கதறினார். கோல்பே வரிசையை விட்டு வெளியே வந்தார். அவருக்குப் பதிலாக நான் போகிறேன் என்றார். போனார். இரண்டு வாரம் சோறும் தண்ணீரும் இல்லாமல் கிடந்தார். ஆகஸ்ட் 14-ஆம் தேதி விஷ ஊசி போட்டுக் கொன்றார்கள். வயது 47. உயிர் பிழைத்த கயோவ்னிச்செக் 1995 வரைக்கும் வாழ்ந்தார். போகிற இடமெல்லாம் அந்தப் பாதிரியாரின் கதையைச் சொன்னார்.

கெப்ஹார்ட்டும் டாக்டர், கோல்பேயும் டாக்டர். என் அணி எந்த டாக்டருக்காகப் பேசுகிறது என்று நான் சொல்லணுமா ஐயா?

கடைசியாக, கிராக்கோவுக்குத் திரும்பி வருகிறேன். 183 பேரைப் பிடித்துப் போனான், பல்கலைக்கழகத்தை இழுத்துப் பூட்டினான். ஜெயித்தானா? 1942 முதல் அதே ஊரிலே அதே பேராசிரியர்கள், முகாமிலிருந்து உயிரோடு வந்தவர்கள் உட்பட, வீடு வீடாகப் பாடம் நடத்தினார்கள். பிடிபட்டால் மறுபடியும் முகாம், இல்லாவிட்டால் மரணம். தெரிந்தே நடத்தினார்கள். தெரிந்தே வந்து சுமார் 800 மாணவர்கள் படித்தார்கள். சாப்பாட்டு மேசைதான் வகுப்பறை. அந்த ரகசிய மாணவர்களில் ஒருவர், போருக்கு முன்னாலே போலிஷ் இலக்கியம் படிக்கச் சேர்ந்தவர், பகலிலே தொழிற்சாலைக் கூலி. ரகசியமாக இறையியல் படித்தார். பெயர் கரோல் வோய்த்திவா. 1978-ல் போப்பாண்டவர் ஆனார். இரண்டாம் ஜான் பால் என்று உலகமே அறிந்தது. 1986 பிப்ரவரியில் நம்ம சென்னைக்கு வந்தாரே, அவரேதான்! 1982-ல் கோல்பேயைப் புனிதர் என்று அறிவித்ததும் அவர்தான். அந்த மேடைக்கு முன்னால் கயோவ்னிச்செக்கும் இருந்தார்.

ஆயிரம் ஆண்டு நிற்கும் என்று சொன்ன ராஜ்யம் 12 ஆண்டிலே போய்ச் சேர்ந்தது. 1364-ல் தொடங்கிய பள்ளிக்கூடம் 1945-ல் மறுபடி கதவைத் திறந்தது. இன்றைக்கும் அங்கே பாடம் நடக்கிறது. ஒவ்வொரு நவம்பர் 6-ஆம் தேதியும் அந்தப் பேராசிரியர்களை நினைத்து அஞ்சலி செலுத்துகிறார்கள்.

தாய்மார்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பாடப் புத்தகத்துக்குள்ளே கதைப் புத்தகத்தை மறைத்து வைத்துப் படிக்கிற பிள்ளையைப் பார்த்தால் முதுகிலே ஒன்று வைக்கிறீர்களே, இனிமேல் கொஞ்சம் யோசித்து வையுங்கள். (சிரிப்பு) ‘இதெல்லாம் படிச்சு என்னடா ஆகப் போகுது’ என்று கேட்காதீர்கள். ராவன்ஸ்புரூக் முகாமிலே அந்தப் பெண்ணிடம் காசு இல்லை. கையிலே ஆயுதம் இல்லை. ஒரு கால்கூடச் சரியாக இல்லை. இருந்தது, தம்பியோடு சேர்ந்து படித்த ஒரு கதைப் புத்தகத்தின் ஞாபகம்.

ஆகவே நடுவர் ஐயா அவர்களே, என் அணியின் சாட்சியாக நான் வள்ளுவரைக்கூடக் கூப்பிடவில்லை. பகைவனையே கூண்டில் ஏற்றியிருக்கிறேன். அவன் பார்த்துப் பயந்தது வாத்தியாரையும் வாசிக்கத் தெரிந்த பிள்ளையையும்தான். சமுதாயத்தைத் தாங்கி நிற்பது கல்வியே என்று தாங்கள் நல்ல தீர்ப்பு வழங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.